பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது, மேட்டில் வண்டி நிற்கிறது: ஆல்டர்னேட்டரா, பெட்ரோல் பம்பா?

கேள்வி இது. 12 வருடம் ஓடிய பெட்ரோல் கார். டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு சில நேரம் மங்கலாக எரிகிறது. இரண்டு வருடத்துக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. பகலில் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. இரவில் ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் இழுவை குறைந்து, திணறி, நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டால் மறுபடி எடுக்கிறது. ஒரு மெக்கானிக் ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்கிறார். எதை முதலில் மாற்றுவது?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். இரண்டு பேர் சொன்னதிலும் அர்த்தம் இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் அளந்து பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் காரின் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் மூழ்கியிருக்கும் ஒரு சின்ன மின்மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் அது மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் பெட்ரோல் குறையும். இன்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் தேவைப்படுவது மேடு ஏறும்போதுதான். ஹெட்லைட், புளோயர், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்து மின்சாரத்தை இழுப்பதும் அதே நேரத்தில்தான். ஆகவே இதை இரண்டு தனித்தனிக் கோளாறாக நினைக்காமல் ஒரே சங்கிலியாகப் பாருங்கள். சோதனையை எப்போதும் மின்சாரப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வோல்டேஜ் சரியில்லாத வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தை அளந்தால் நல்ல பம்பும் கெட்ட பம்பாகத் தெரியும்.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும்.

முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன்பே டெர்மினலில் அளந்துவிடுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் இருக்கிறது. முந்தின நாள் இரவு ஓட்டி நிறுத்திய உடனே அளந்த எண்ணை நம்பாதீர்கள், அது தகட்டின் மேல்மட்டத்தில் நிற்கும் சார்ஜைத்தான் காட்டும். பேட்டரியில் ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது என்று பொருள். அப்புறம் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. விழுந்தால் பேட்டரிக்குத் தெம்பில்லை, அல்லது அதில் சார்ஜே இல்லை. முதலில் வெளியே சார்ஜரில் போட்டு முழுக்க ஏற்றிவிட்டுத்தான் பேட்டரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். உங்கள் இரண்டு பேட்டரிகளும் கெட்டதற்கு அவற்றின் தரத்தைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் எப்போதும் அரைவயிற்றுச் சார்ஜில் ஓடும் பேட்டரியின் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிப்போகும். எவ்வளவு நல்ல பேட்டரி போட்டாலும் இதே கதிதான்.

அடுத்தது சார்ஜிங். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால், வோல்டேஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கட்டுப்பாடு இழந்துவிட்டது. பலர் இந்த இடத்தில் 14.2 என்று பார்த்துவிட்டு "சார்ஜிங் நன்றாக இருக்கிறது" என்று பானட்டை மூடிவிடுகிறார்கள். சும்மா நிற்கும் வண்டியில் எல்லா ஆல்டர்னேட்டரும் நன்றாகத்தான் இருக்கும். ஹெட்லைட்டை ஹை பீமில் போடுங்கள், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் இருந்தால் அதுவும். இன்ஜினை 2000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு பாருங்கள். 13.5-க்கு மேலேயே நிற்கிறதா, இல்லை 12.8, 12.5 என்று வழுக்கிக்கொண்டே போகிறதா? வழுக்கினால் ஆல்டர்னேட்டரால் செலவை ஈடுகட்ட முடியவில்லை, பேட்டரியிலிருந்து எடுத்துத்தான் வண்டி ஓடுகிறது. ஒரு எச்சரிக்கை: புதிய கார்கள் சிலவற்றில் எவ்வளவு சார்ஜ் செய்வது என்பதை ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, தீர்மானிக்கும். அவற்றில் சில நேரம் 12.6 வரை இறங்கும், சில நேரம் 15-ஐத் தொடும். அந்த வண்டிகளில் ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு சொல்ல முடியாது.

ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டையும் மறக்காதீர்கள். அழுத்திப் பார்த்து இறுக்கமாக இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பாகிவிட்ட பெல்ட், சுமை வரும்போது சத்தமே இல்லாமல் வழுக்கும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

இப்போது அந்த மங்கலான விளக்குக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பழைய வகை அமைப்பில் பேட்டரி விளக்கின் ஒரு முனைக்குச் சாவி வழியாகப் பேட்டரி வோல்டேஜ் வருகிறது, இன்னொரு முனை ஆல்டர்னேட்டரோடு சேர்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் இருந்தால் விளக்கு எரிய வழியில்லை. ஆல்டர்னேட்டர் சுத்தமாகச் செத்தால் பளிச்சென்று எரியும். மங்கலாக எரிந்தால் இரண்டு பக்கத்துக்கும் சின்ன வித்தியாசம் இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டையோடு போயிருக்கும், அல்லது வழியில் எங்கோ ஒரு இணைப்பு மோசமாக இருக்கும்.

டையோடைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இன்ஜின் ஓடும்போது, விளக்குகள் எரியும்போது, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு (குளிரூட்டும் ஏசி அல்ல, மாறுமின்சார வோல்ட்) மாற்றி அதே பேட்டரி டெர்மினலில் வையுங்கள். ஆல்டர்னேட்டருக்குள் உற்பத்தியாவது மாறுமின்சாரம்தான், டையோடுகள்தான் அதை நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. எல்லாம் சரியாக இருந்தால் மீட்டரில் மிகச் சின்ன எண்தான் வரும். அரை வோல்ட்டைத் தாண்டினால் டையோடைச் சந்தேகப்படலாம். ஒரு டையோடு போனாலும் ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பகலில் 14 வோல்ட் காட்டக்கூடச் செய்யும். முழுச் சுமையை மட்டும் தாங்காது. டையோடு கசிந்தால் இரவு வண்டி நிற்கும்போது அதே வழியாகப் பேட்டரி காலியாகும் ஆபத்தும் இருக்கிறது. "பகலில் ஒன்றுமில்லை, இரவில்தான்" என்று நீங்கள் சொல்வதோடு இது பொருந்திப்போகிறது. ஆனால் பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள், அந்த எண் வரட்டும்.

அப்புறம் பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடும் சோதனை ஒன்று இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு சோதனைதான் அனுமதி என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்: வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளப்பது.

ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு இன்ஜின் 2000-இல் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் மாட்டியிருக்கும் போல்ட்டில் வையுங்கள், மறுமுனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் வையுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை, வயர், சட்டைக்கை எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 0.2, மிஞ்சிப்போனால் 0.3 வோல்ட் வரலாம். அடுத்து ஆல்டர்னேட்டரின் வெறும் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளங்கள். அங்கே 0.2-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் நடுவில் எங்கோ துரு, தளர்ந்த போல்ட், உள்ளே கறுத்துப்போன வயர். பிளஸ் பக்கம் 2, 3 வோல்ட் வித்தியாசம் வந்தால் நடுவிலிருக்கும் பெரிய ஃபியூஸ் போயிருக்கிறது, ஆல்டர்னேட்டர் பாவம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

வயரைக் கழற்றி ஓம் மீட்டரில் பார்த்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. 60 ஆம்பியர் ஓடும் வயரில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 0.6 வோல்ட் தொலைந்துவிடும். 0.01 ஓமைச் சாதாரண மீட்டர் காட்டவே காட்டாது. நூறு இழையில் தொண்ணூறு அறுந்த வயர்கூட ஓம் மீட்டரில் நல்ல வயர்தான். மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் அதன் குணம் தெரியும்.

இதே முறையைப் பம்புக்கும் செய்ய வேண்டும். ஒரு வண்டியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். உங்களுடையது போலவே மேட்டில் நின்றுபோகும் கார், என்னிடம் வருவதற்குள் இரண்டு புதுப் பம்ப் மாற்றியிருந்தார்கள். பேட்டரியில் 13.9 இருந்தது. பின்சீட்டைத் தூக்கி, பம்பின் கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்துப் பார்த்தால் 10.6. வழியில் 3.3 வோல்ட் காணவில்லை. பிளஸ் பக்கத்தில் தொலைந்தது 0.4 மட்டும், மீதி 2.9 எர்த் பக்கத்தில், அதாவது மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பக்கத்தில். அந்தக் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கார்பெட்டுக்கு அடியில், டிக்கி ஓரத்தில் பாடியோடு ஒரு போல்ட்டில் முடிந்திருந்தது. கண்ணால் பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றியபோது வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பச்சைப் பொடி பூத்திருந்தது, அதற்கடியில் பழுப்புத் துரு. டிக்கி ரப்பர் வழியாக எப்போதோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. உப்புத்தாளால் தகடு மின்னும்வரை தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். சாவி போட்டதும் பம்பின் சத்தமே மாறிவிட்டது. அதுவரை முனகிக்கொண்டிருந்தது, இப்போது கூர்மையாகப் பாடியது. கனெக்டரில் 13.4. அந்த வண்டியில் வேறு எதுவும் மாற்றவில்லை.

கனெக்டரைக் கழற்றாமல் என்று சொன்னதைக் கவனியுங்கள். கழற்றிவிட்டு அளந்திருந்தால் மின்சாரம் ஓடாது, துருப்பிடித்த எர்த்தும் முழு வோல்டேஜ் காட்டும், மூன்றாவது பம்பும் மாறியிருக்கும்.

மின்சாரப் பக்கம் சுத்தம் என்று உறுதியான பிறகுதான் பெட்ரோல் பக்கம். அங்கே மீட்டரை எடுப்பதற்கு முன் ஒன்றை ஞாபகப்படுத்திப் பாருங்கள்: வண்டி எப்படி நின்றது? விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று நின்றதா, திணறி இழுத்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் மோசமாகி நின்றதா? பட்டென்று நின்றால், அதுவும் வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், சூட்டில் செயலிழக்கும் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதை ஈசியுவுக்குச் சொல்வது), மெயின் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), இக்னிஷன் என்று தேட வேண்டும். திணறி நின்றால் பெட்ரோல் போதவில்லை. நீங்கள் எழுதியது இரண்டாவது வகை.

"கால் மணி நேரம் விட்டால் எடுக்கிறது" என்பதற்குக் குறைந்தது நான்கு விளக்கம் உண்டு. சோர்ந்த பேட்டரி ஓய்வில் கொஞ்சம் மீண்டுவந்திருக்கலாம். தேய்ந்த பம்ப் சூடாகி நின்று, ஆறியதும் மறுபடி ஓடியிருக்கலாம். டேங்கின் அடியில் கிடக்கும் குப்பை பம்பின் வாய்ச்சல்லடையில் ஒட்டி அடைத்து, பம்ப் நின்றதும் தானாக உதிர்ந்திருக்கலாம். அல்லது டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்து, உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் போயிருக்கலாம். நான்காவதைப் பிடிப்பது சுலபம்: அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறந்து கேளுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, வண்டி உடனே எடுத்தால் மூடியும் வென்ட் குழாயும்தான் குற்றவாளி. நின்ற நேரத்திலேயே டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, வண்டி எடுத்தால் பம்பின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அப்போது தயங்காமல் பம்பை மாற்றலாம்.

சாவியை ஆன் செய்ததும் பின்னால் இரண்டு விநாடி ஊம் என்று ஒரு சத்தம் கேட்டு நிற்கும். அது கேட்கவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, வயர், கடைசியாகப் பம்ப் என்று அந்த வரிசையில் போங்கள். சத்தம் கேட்டது என்பதால் பம்ப் நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது. பலவீனமான பம்பும் சத்தம் போடும்.

அழுத்தத்தைக் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண இன்ஜெக்ஷன் கார்களில் பெரும்பாலும் 3 முதல் 4 பார். உங்கள் மாடலுக்கு உரிய எண்ணைச் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். ஐடிலிங்கில் சரியான அழுத்தம் வருவது பாதி விடைதான், ஏனென்றால் அப்போது இன்ஜின் குடிப்பது மிகக் குறைவு. அடைத்த ஃபில்டரோடுகூட அது வந்துவிடும். நீளக் குழாய் உள்ள கேஜை விண்ட்ஷீல்டுக்கு வெளியே தெரியும்படி கட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, அதே மேட்டில் ஓட்ட வேண்டும். முள் ஆடாமல் நின்றால் பெட்ரோலைக் குற்றம் சொல்லாதீர்கள். ஏற ஏற விழுந்துகொண்டே போனால் ஃபில்டர், சல்லடை, பம்ப் மூன்றில் ஒன்று. மலிவானது ஃபில்டர், அதிலிருந்து தொடங்குங்கள்.

கேஜ் இல்லாவிட்டாலும் ஓபிடி ஸ்கேனரில் (ஈசியுவில் உள்ள தகவலைப் படிக்கும் கருவி) ஃபியூவல் டிரிம் எண்களை, அதாவது ஈசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பார்த்தால் நல்ல துப்புக் கிடைக்கும். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, ரேஸ் கொடுத்தால் குறைந்தால் எங்கோ காற்றுக் கசிகிறது. ஐடிலிங்கில் சாதாரணமாக இருந்து, சுமை ஏற ஏற பிளஸ் 10, 15, 20 சதவீதம் என்று கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் வந்து சேரவில்லை, ஈசியு அதை ஈடுகட்டப் பார்க்கிறது. அழுக்கான காற்றளவு சென்சாரும் இதே மாதிரி காட்டும், அதனால் இதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு வந்தவுடன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறியீடு கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டுமே சொல்கிறது, சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். பி0562 வந்தால் வண்டியின் வோல்டேஜ் குறைவு. உங்கள் காரில் இந்த இரண்டும் சேர்ந்து வந்திருந்தால் முன்னே சொன்ன சங்கிலி கண்முன்னே நிற்கிறது.

காலையில் மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. சாவியை இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே எடுத்தால் இரவில் குழாயில் அழுத்தம் நிற்கவில்லை, பம்பிலுள்ள ஒருவழி வால்வோ ஒரு இன்ஜெக்டரோ கசிகிறது.

செய்யக்கூடாதவை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. டைனமோ காலத்து வழக்கம் அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் அந்த நொடியில் எழும் வோல்டேஜ் ஈசியுவையே கொன்றுவிடக்கூடும். யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்துத் தடுங்கள். பெட்ரோல் குழாயைத் திறப்பதற்கு முன் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், அழுத்தம் இறங்கிவிடும். சூடான இன்ஜின் மேல் ஒரு சொட்டும் விழக்கூடாது. பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். மூடிய இடத்தில் வேண்டாம். நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார், காமன் ரெயில் டீசல் இரண்டிலும் உயர் அழுத்தக் குழாய்களைத் தொடவே தொடாதீர்கள். டீசலில் அது 1600 பாருக்கு மேலும் போகும், அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

சரி, உங்களுக்கு வேண்டியது ஐந்து எண்கள்: காலையில் பேட்டரி வோல்ட், எல்லாச் சுமையோடும் சார்ஜிங் வோல்ட், அதே நேரத்தில் ஏசி வோல்ட், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி வரை இரண்டு பக்கமும் தொலையும் வோல்ட், இன்ஜின் ஓடும்போது பம்பின் கனெக்டரில் வோல்ட். ஒரு மணி நேர வேலை, எந்தக் குழாயையும் கழற்ற வேண்டியதில்லை. மூன்றாவது எண் அரை வோல்ட்டைத் தாண்டினால் முதல் மெக்கானிக் சொன்னது சரி, ஆல்டர்னேட்டரை இறக்கி டையோடு பிளேட்டைப் பாருங்கள். முழுதாக மாற்றாமல் பிளேட் மட்டும் மாற்றினால் போதுமான வண்டிகள் நிறைய. அதை முடித்துவிட்டு, பேட்டரியை வெளியே சார்ஜரில் முழுக்க ஏற்றி மாட்டி, அதே இரவு நேரத்தில் அதே மேட்டில் ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் திணறினால் ஃபில்டரை மாற்றிவிட்டுக் கேஜைக் கட்டுங்கள்.